நாலு பேர், ஏரிக் குடில்

ஹோவ்டால், 14 அக்டோபர் 1973

அன்புத் தம்பி ஓட்வாருக்கு அக்கா டோர்டிஸ் எழுதுறது.

நான் சுகமாத்தான் இருக்கேன். இடது தோள் மட்டும் குளிர் வரப்போகுதுன்னு எனக்கு முன்னாடியே கண்டுபிடிச்சு முனக ஆரம்பிச்சிருச்சு. நீ எப்படி இருக்க? ஸ்தவாங்கர் மழையில ஊறி உப்பிப் போயிட்டியா? ஜூன்ல போனவன், நாலு மாசத்துல ஒரே ஒரு கார்டு, அதுவும் துறைமுகப் படம். தபால் ஆபீஸ்ல வேலை பாக்குறவளுக்கே தபால் வர்றதில்லன்னு ஊர் சிரிக்குது.

நல்ல சேதி சொல்லத்தான் எழுதுறேன். உன் கூட்டாளி ஸ்டைனர் மறுபடி பனிச்சறுக்குக்கட்டை மாட்டிட்டான்! போன ஈஸ்டர்ல மலைப் பனியில ரெண்டு ராத்திரி கிடந்து இடது பாதத்துல பாதியைக் கொடுத்துட்டு வந்தவன் இனிமே கம்பு ஊன்றித்தான் நடக்கணும்னு டாக்டர் சொன்னாரில்ல? இவன் தச்சன்கிட்டப் போய், பூட்ஸோட முன்பக்கம் வைக்க பிர்ச் மரத்துல ஒரு கட்டை செதுக்கி வாங்கிட்டான். நேத்து முதல் பனி விழுந்துச்சு. தேவாலயத்துக்குப் பின்னாடி மேட்டுல ஏறி இறங்கினான். மூணு தடவை விழுந்தான். நாலாவது தடவை விழுந்து, படுத்தபடியே "ஈஸ்டருக்குப் போறோம்!"னு கத்தினான். நானும் பேக்கரி குன்வோரும் சிரிச்சோம், அப்புறம் அழுதோம்.

அதனால முடிவு பண்ணியாச்சு. அப்போ போன அதே நாலு பேர்: ஸ்டைனர், குன்வோர், நான், நீ. பெரிய வியாழன் அன்னிக்கு மலையில நடுக் குடில், மறுநாள் அங்கிருந்து ஏரிக் குடில். ஆரஞ்சும் காப்பியும் குன்வோர் பொறுப்பு. உப்புக்கண்டம் என் பொறுப்பு. உனக்கு வழக்கம்போல கட்டைக்கு அடியில தேய்க்கிற மெழுகு. பனியைத் தொட்டுப் பாத்து எந்த மெழுகுன்னு சொல்ல உன்னை விட்டா யாரு இருக்கா?

லீவு இப்பவே கேட்டு வை. மீனெண்ணெய் குடிக்கிறியா?

அன்புடன்,
அக்கா

ஸ்தவாங்கர், 20 நவம்பர் 1973

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்துக்கு நன்றி. பதில் தாமதமாயிருச்சு, மன்னிச்சுக்க. உடம்பு பரவாயில்ல. தோளுக்கு ஆட்டு ரோமச் சட்டை போட்டுக்க, வெறும் பருத்தி வேண்டாம்.

ஸ்டைனர் பத்திக் கேட்டு சந்தோஷம். ஆனா இது கொஞ்சம் அவசரம் இல்லையா? மேட்டுல விழுந்து எழுந்திருக்கிறது வேற, மூணு மணி நேரம் மூட்டையோட ஏறுறது வேற. அந்தக் காலோட அவனை மலைக்குக் கூட்டிட்டுப் போய் மறுபடி ஏதாவது ஆச்சுன்னா?

எனக்கும் லீவு கிடைக்காது போல இருக்கு. இங்க கடல்ல நிறுத்துற எண்ணெய்க் கோபுரத்துக்கு இரும்பு பத்தவெக்கிறோம். ஈஸ்டர், கிறிஸ்துமஸ்னு அதுக்குத் தெரியாது. என் முழங்காலும் சரியில்ல. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. மெழுகு டப்பாக்களைப் பார்சல்ல அனுப்பிடுறேன்.

குன்வோரைக் கேட்டதாச் சொல்லு. ஸ்டைனரையும்.

ஓட்வார்

ஹோவ்டால், 2 டிசம்பர் 1973

டேய் தம்பி,

சுகமா இருக்கியான்னு கேக்கல. முழங்கால் வலின்னு எழுதிட்டியே. சின்ன வயசுல கணக்குப் பரீட்சைக்கும் அதே முழங்கால்தான் வலிச்சுது. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்! ஆடத் தெரிஞ்ச உனக்கு என்னடா கேடு? ரோமச் சட்டை போட்டுட்டுதான் இருக்கேன், அதுக்கு நன்றி.

ஸ்டைனரைப் பத்தி ஒண்ணு சொல்றேன், கேளு. பனிச்சறுக்குப் பாடம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு மலை விதி சொல்லித் தருவானில்ல? பதினோரு வருஷமா ஒரே பேச்சுதான்: குடிலை விட்டுக் கிளம்பும்போது அடுப்பைத் தணி, தரையைப் பெருக்கு, அடுத்து வர்றவனுக்கு விறகு பிளந்து வை, நோட்டுல பேரும் போற இடமும் எழுது. இந்த வருஷம் என்ன பண்ணான் தெரியுமா? அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னாடி பூட்ஸைக் கழட்டினான். காலுறையைக் கழட்டினான். "இதைப் பாருங்க. ஏரிக் குடிலுக்குன்னு நோட்டுல எழுதவிட்டுட்டு, வெளிய வந்ததும் மனசு மாறி, திருத்தச் சொல்லாம மேலக் குடிலுக்குப் போனவனோட கால் இது"ன்னான். ஒரு பொண்ணு, "ஏன் சார் சொல்லல?"ன்னு கேட்டா. "தெரியலம்மா. அன்னிக்குக் காலையில கஞ்சி குடிச்சது வரைக்கும்தான் எனக்கு ஞாபகம் இருக்கு"ன்னான்.

தபால் கொடுக்கப் போன நானும் பின் வரிசையில நின்னு கேட்டேன்.

கீழ இடம் விட்டிருக்கேன், அவன் ஏதோ எழுதணுமாம்.

அக்கா

டேய் ஓட்வார், நான் ஸ்டைனர். முழங்காலா? எனக்கு விரலே இல்ல, நான் வரேன்! உனக்கு வேணும்னா தச்சன்கிட்டச் சொல்லி முழங்காலுக்கும் ஒரு கட்டை செதுக்கித் தரேன். நீ இல்லாம நான் யாரோடடா சண்டை போடுறது? இந்தப் பொம்பளைங்க ரெண்டு பேரும் நான் எது சொன்னாலும் சரின்னுடுறாங்க. நொண்டிங்கிற இரக்கம். தாங்க முடியல. வா.

ஸ்தவாங்கர், 27 டிசம்பர் 1973

1

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் நல்லபடியா போச்சுன்னு நம்புறேன். நீ பின்னி அனுப்பின காலுறை சரியா இருக்கு. இங்க பனியே இல்ல, மழைதான். விடுதியில நாலு பேர் சேர்ந்து ஆட்டு விலா வேக வெச்சோம். உன் கையில வேகுற மாதிரி வரல.

பார்சல்ல மெழுகு இருக்கு. பச்சை கடுங்குளிருக்கு. நீலம் சாதாரணத்துக்கு. ஈஸ்டர்ல மத்தியானம் பனி இளகும், அப்போ ஊதா.

ஸ்டைனர் பள்ளிக்கூடத்துல பேசினதைப் படிச்சேன். திரும்பத் திரும்பப் படிச்சேன். அக்கா, அன்னிக்குக் காலையில நீயும் குன்வோரும் வெளிய மெழுகு தேய்ச்சிட்டு இருந்தீங்க. நான் உள்ள

3

அதனால ஊதா டப்பாவை ராத்திரி பையோட அடியில வைக்காதீங்க, இறுகிடும். தூங்கும்போது உடம்போட சேர்த்து வெச்சுக்கிட்டா நல்லது.

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்து.

ஓட்வார்

ஹோவ்டால், 13 ஜனவரி 1974

அன்புத் தம்பி,

பார்சல் பத்திரமா வந்துச்சு. இங்க மைனஸ் இருபத்தாறு, மூக்கைத் தவிர எல்லாம் சுகம்.

ஒண்ணாம் பக்கம் இருக்கு, மூணாம் பக்கம் இருக்கு. ரெண்டு எங்கடா? உறையை உதறிப் பாத்தேன், தபால் மூட்டையையே கவுத்துப் பாத்தேன். எழுதிட்டு எடுத்துட்டியா, எழுதவே இல்லையா?

சரி, உன் பாடு. எனக்கு அதைவிடப் பெரிய கவலை வந்திருக்கு. பிள்ளைகள்கிட்ட ஸ்டைனர் காலைக் காட்டினானில்ல, அதுங்க வீட்டுல போய்ச் சொல்லியிருக்கு. மலைச் சங்கத்துக்கு மனு போயிருக்கு. "நோட்டு விதியைத் தானே மீறினவன் எப்படி வழிகாட்டியா இருக்கலாம், எப்படிப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகலாம்?"னு. பிப்ரவரி 28 கூட்டத்துல ஓட்டுப் போடுறாங்க. அவனுக்கு வேற என்ன இருக்கு, சொல்லு? பொண்டாட்டியா, பிள்ளையா? சட்டையில கட்டுற அந்த வழிகாட்டிப் பட்டையும் அந்தப் பிள்ளைகளும்தான். அதுவும் போச்சுன்னா அவன் எதுக்காக அந்த மரக்கட்டையை மாட்டிட்டு எழுந்திருப்பான்?

நீ ஒரு கடிதம் எழுதிக் கொடு. அன்னிக்கு அவன்கூடக் குடிலுக்குள்ள இருந்தவன் நீ ஒருத்தன்தான். உன் வார்த்தைக்கு மதிப்பு இருக்கு. அவன் கவனமான ஆளுன்னு நாலு வரி போதும்.

சீக்கிரம்.
அக்கா

ஹோவ்டால், 10 பிப்ரவரி 1974

தம்பி,

உடம்பு சரியில்லையா? நாலு வாரம் ஆச்சு. தினமும் ஸ்தவாங்கர் மூட்டையை நானே பிரிக்கிறேன். கூட்டத்துக்கு இன்னும் பதினெட்டு நாள்தான். ஸ்டைனர் ஒண்ணும் கேக்கல. ஆனா தினமும் பன்னிரண்டு மணிக்குத் தபால் தலை வாங்க வரான். இந்த நாலு வாரத்துல யாருக்கு எழுதினானோ, பதினஞ்சு தபால் தலை வாங்கிட்டான்.

அக்கா

ஸ்தவாங்கர், 17 பிப்ரவரி 1974

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒண்ணும் இல்ல. தூக்கம்தான் சரியில்ல. கேட்ட கடிதம் உள்ள இருக்கு. ஒன்பது தடவை எழுதிக் கிழிச்சுப் போட்டேன். இது பத்தாவது. பிடிக்கலைன்னா கொடுக்காத.

ஓட்வார்

மலைச் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கு: ஸ்டைனரை இருபது ஆண்டுகளாக நான் அறிவேன். அவரைவிடக் கவனமான மலைக்காரரை நான் பார்த்ததில்லை. அந்த ஒரு நாள் அந்த ஒரு விஷயத்தில் தவறியதை வைத்து அவரை எடைபோட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஹோவ்டால், 1 மார்ச் 1974

அன்புத் தம்பி,

சுகம் விசாரிக்க மனசு வரல. ஓட்டு அஞ்சுக்கு ரெண்டு. ஸ்டைனரை எடுத்துட்டாங்க.

உன் கடிதத்தைத் தலைவர் எழுந்து நின்னு வாசிச்சார். "அந்த ஒரு நாள் அந்த ஒரு விஷயத்தில் தவறியதை"ன்னு வந்ததும் நிறுத்தி, மறுபடி வாசிச்சார். "கூட இருந்த நண்பரே ஒப்புக்கொள்கிறார்"ன்னார். எனக்கு அங்கேயே எழுந்து வெளிய போயிடலாம்னு இருந்துச்சு. நல்லது பண்ணுவன்னு நான்தானே உன்கிட்டக் கேட்டு வாங்கினேன், என்னைச் சொல்லணும்.

ஸ்டைனர் சட்டையிலிருந்து பட்டையை அவிழ்த்து மேசையில வெச்சான். வெளிய வரும்போது உன் பேர்ல எனக்கு வந்த கோபத்தைக் கொட்டினேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அவனை ஏன் திட்டுற டோர்டிஸ்? அவன் உண்மையைத்தானே எழுதியிருக்கான். எனக்காகப் பொய் எழுதாம இருந்தானே, அதான்டி நட்பு"ன்னான்.

அவன் இப்பவும் ஈஸ்டருக்குப் போகணும்ங்கிறான். நீ வரணும்ங்கிறான். வேற ஒண்ணும் கேக்கல.

டோர்டிஸ்

ஸ்தவாங்கர், 4 மார்ச் 1974

அக்கா,

நல்லா இருக்கியான்னு கேக்குற தகுதி எனக்கு இல்ல. நேரா ரெண்டாம் பக்கத்துக்கு வந்துடுறேன்.

அன்னிக்குக் காலையில ஸ்டைனருக்கும் எனக்கும் சண்டை. மேற்கே மேலக் குடிலுக்குக் கணவாய் வழியாப் போலாம்னான். மேகம் சரியில்ல, ஏரிக்குப் போலாம்னேன். உங்களுக்கும் தெரியும், கேட்டுச் சிரிச்சிட்டுத்தான் மெழுகு தேய்க்க வெளிய போனீங்க. அவன் கஞ்சிக் கிண்ணத்தை வெச்சுட்டு, மூட்டையை மாட்டி, வாசல்ல நின்னு சொன்னான்: "என் பேரைத் தனியா எழுது ஓட்வார். ஸ்டைனர், மேலக் குடில். மறந்துடாத." பெருக்குறதும் நோட்டு எழுதுறதும் அன்னிக்கு என் முறை.

மறக்கலக்கா. மறந்திருந்தா நான் இப்படிச் சாக மாட்டேன். பேனாவை எடுத்தேன். இவனாவது தனியாப் போறதாவது, முதல் ஏற்றத்துலயே திரும்பி எங்க பின்னாடி வருவான் பாருன்னு நினைச்சேன். அடுத்த ஈஸ்டர்ல நோட்டைப் புரட்டிக் காட்டி, "உன்னைப் பத்தி உனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்டா"ன்னு கேலி பண்ணணும்னு ஆசை. எழுதினேன்: நாலு பேர், ஏரிக் குடில். எழுதிட்டுச் சிரிச்சேன்கூட.

அதுக்கு அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். மேற்கேயிருந்து வந்த ரெண்டு பேர் கணவாய்க்குக் கீழ ஒரு சிவப்புக் கையுறையைக் கண்டெடுத்தாங்க. நடுக் குடிலுக்கு வந்து முதல்ல நோட்டைப் பாத்தாங்க. மேற்கே யாரும் போகல, எல்லாரும் ஏரிக்குப் போயிருக்காங்கன்னு, கையுறையை அடுப்புக்கு மேல ஆணியில காயப் போட்டுட்டுப் படுத்துட்டாங்க. ஸ்டைனர் அப்போ கையுறை கிடந்த இடத்துலேர்ந்து கூப்பிடு தூரத்துல, கால் பிசகி, பனியில குழி தோண்டி உக்காந்திருந்தான். தனிப் பேர் ஒண்ணு நோட்டுல இருந்திருந்தா அவங்க அப்பவே திரும்பிப் போயிருப்பாங்க. அதை அவங்களே போலீஸ்கிட்டச் சொன்னாங்க. நாம ஏரிக் குடில்ல, அவன் மேலக் குடில் சேர்ந்திருப்பான்னு நம்பி, புயல் விடட்டும்னு சீட்டு விளையாடிட்டு இருந்தோம்.

ஆஸ்பத்திரி வராந்தாவுல போலீஸ்காரர் கேட்டார், "நோட்டுல நாலு பேர்னு இருக்கே, வெளிய வந்தப்புறம் மனசு மாத்திட்டாரா?"ன்னு. நான் ஆமான்னு தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து பொய் சொல்லல, தலையை மட்டும் ஆட்டினேன். அன்னிலேர்ந்து அது ஊர்க் கதையாச்சு. அவனே நம்பிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சேன்க்கா, அந்தச் சோத்தை அவன் தினமும் சாப்பிட்டுட்டு இருக்கான்.

சங்கத்துக்கும் இன்னிக்கு எழுதிட்டேன். நாலு நாள் லேட். இதை நீ அவன்கிட்டச் சொல்லு. எனக்கு அவன் முகத்தைப் பாக்குற தெம்பு இல்ல.

ஓட்வார்

ஹோவ்டால், 24 மார்ச் 1974

ஓட்வாருக்கு,

உன் கடிதத்தை ரெண்டு வாரம் வேலைப் பையிலேயே வெச்சிருந்தேன். வேலைக்கு எடுத்துட்டுப் போனேன், வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். கிழிக்கவும் முடியல, மறுபடி படிக்கவும் முடியல.

உன்னை அடிக்கணும் போல இருக்கு. நீ அஞ்சு வயசுல அடுப்புல கையை வெச்சப்போ உனக்கு முன்னாடி நான் கத்தினேனே, அந்த மாதிரியும் இருக்கு. ஆனா உன்னை மட்டும் சொல்லிட்டு நான் தப்பிக்க முடியாது. அன்னிக்கு அவன் வாசல்ல நின்னு உள்ள பாத்து ஏதோ சொன்னதை நான் பாத்தேன். கையில மெழுகுக் கட்டையோட நிமிர்ந்து பாத்தேன். என்ன சொன்னான்னு உன்கிட்ட ஒரு வருஷமா கேக்கல. கேட்டா நீ பதில் சொல்லிடுவியோன்னு பயந்தேன். ரெண்டாம் பக்கம் காணோம்னப்பவே எனக்குச் சந்தேகம் தட்டுச்சு. அப்பவும் வேடிக்கையா எழுதிட்டு விட்டுட்டேன்.

சங்கத் தலைவர் உன் கடிதத்தைப் பூட்டி வெச்சிருக்கார். ஸ்டைனர்கிட்ட முதல்ல நீ பேசணும், அப்புறம்தான் வெளிய எடுப்பேன்ங்கிறார். அதுல நியாயம் இருக்கு.

நான் அவன்கிட்டச் சொல்லல, சொல்லவும் மாட்டேன். பதினெட்டு வருஷமா இந்த ஊர்ல கல்யாணச் சேதி, சாவுச் சேதி எல்லாம் கொண்டு சேர்த்திருக்கேன். இந்த ஒரு தபாலை நீ உன் கையால கொடு.

ஈஸ்டருக்கு நானும் குன்வோரும் வரல. குன்வோருக்கு பேக்கரி வேலைன்னு சொல்லிட்டேன், எனக்குத் தோள். நீங்க ரெண்டு பேர் போங்க. ஆரஞ்சும் உப்புக்கண்டமும் கட்டி வெச்சிருக்கேன். ரயில் புதன்கிழமை நாலு மணிக்கு. அவன் ஸ்டேஷனுக்கு வருவான்.

உடம்பைப் பாத்துக்க.
அக்கா

மேலக் குடில், 13 ஏப்ரல் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க ரெண்டு பேரும் உடம்புக்கு ஒண்ணுமில்லாம நல்லா இருக்கோம். முதல்ல அதைச் சொல்லிடுறேன், நீ கவலைப்பட்டுட்டு இருப்ப.

வியாழக்கிழமை மத்தியானம் நடுக் குடிலுக்கு வந்து சேர்ந்தோம். வழி முழுக்க அவன்தான் பேசினான். உன் தோளைக் கிண்டல் பண்ணான், குன்வோர் ரொட்டியைக் கிண்டல் பண்ணான். நான் ரெண்டு தடவை வாயைத் திறந்தேன், ரெண்டு தடவையும் மெழுகு பத்திப் பேசினேன். குடில்ல அடுப்பு மூட்டினதும் வெளிய படியில வெயில்ல உக்காந்தோம். அவன் ஆரஞ்சு உரிக்க ஆரம்பிச்சான். இன்னும் தள்ளினா அவன் பாதி ஆரஞ்சை எனக்கு நீட்டிடுவான், நான் வாங்கிச் சாப்பிட்டுடுவேன்னு தோணுச்சு. சொல்லிட்டேன். எல்லாத்தையும். கேலி பண்ண நினைச்சது, சிரிச்சது, தலையாட்டினது.

அவன் தோலை முழுசா உரிச்சு முடிச்சான். அப்புறம் கேட்டான்: "மேலக் குடில்னு சொன்னேனா?"

"சொன்னே."

"தனியா எழுதுன்னு?"

"சொன்னேடா. மறந்துடாதன்னும் சொன்னே."

"அப்போ நான் சொல்லியிருக்கேன்"ன்னான். எனக்குச் சொல்லல, அவனுக்கே சொல்லிக்கிட்டான். ஆரஞ்சைப் படியில வெச்சுட்டு எழுந்து போய் விறகு பிளந்தான். இருட்டுற வரைக்கும் பிளந்தான். அந்தக் குடிலுக்கு இனி ரெண்டு வருஷத்துக்கு விறகு வேண்டாம். நான் பக்கத்துல போகல.

வெள்ளிக்கிழமை பனிக்காத்து. உள்ளயே இருந்தோம். எனக்கும் சேர்த்துக் கஞ்சி வெச்சான், என் பக்கம் தள்ளிவிட்டான், முகத்தைப் பாக்கல. என்னைத் திட்டியிருக்கலாம். அடிச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.

இன்னிக்குக் காலையில காத்து நின்னுடுச்சு. அவன் தரையைப் பெருக்கினான். நோட்டைத் திறந்தான். ஸ்டைனர், மேலக் குடில்னு எழுதினான். பேனாவை என்கிட்ட நீட்டினான். "உன் பேரை மட்டும் எழுது"ன்னான்.

"நானும் மேலக் குடிலுக்கு வரட்டுமா?"ன்னு கேட்டேன். "உன் பேருக்கு நேரா என்ன எழுதுறதுன்னு என்னைக் கேக்காத"ன்னுட்டு வெளிய போயிட்டான். நான் மேலக் குடில்னு எழுதினேன். மை காயுற வரைக்கும் பாத்துட்டு இருந்தேன்.

அவன் முன்னாடி, நான் நூறு அடி பின்னாடி. ஒரு தடவைகூடத் திரும்பல. ஆனா ஒவ்வொரு ஏற்றத்துலயும் நின்னு குனிஞ்சு பூட்ஸ் நாடாவைக் கட்டினான். அந்த நாடாவை அத்தனை தடவை கட்ட வேண்டியதில்லக்கா. கணவாய்க்குக் கீழ, அந்தக் குழி இருந்த இடத்துல மட்டும் நிக்கல.

இங்க வந்து சறுக்குக்கட்டையைக் கழட்டிச் சுவர்ல சாத்தினதும்தான் மறுபடி வாயைத் திறந்தான்.

"சங்கம் பட்டையைத் திருப்பிக் கொடுத்தாலும் கொடுக்கட்டும், கொடுக்காட்டியும் போகட்டும். இலை உதிர்ற சமயத்துல பள்ளிக்கூடத்துக்கு வா. காலை நான் காட்டுறேன். கதையை நீ சொல்லு."

வர்றேன்னு சொல்லிட்டேன். அவன் உள்ள போய் அடுப்பு மூட்டிட்டு இருக்கான். நான் படியில உக்காந்து இதை எழுதுறேன்.

தோளைப் பாத்துக்க. இன்னொண்ணு, பதில் போடும்போது மறக்காம எழுது: அந்தப் பள்ளிக்கூடத்துல இப்போ எத்தனை பிள்ளைகள்?

ஓட்வார்